காலியிடம் நகர ஆறு தாவல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுது.

என் பக்கத்துச் செய்தி பித்தளைதான். சென்ற மாதம் என் மாணவி ஒருத்தி செம்பும் துத்தநாகமும் ஏறத்தாழச் சரிபாதியாகச் சேர்ந்த பீட்டா பித்தளைத் துண்டு ஒன்றை 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கித் தண்ணீரில் போட்டாள். அந்தச் சூட்டில் செம்பும் துத்தநாகமும் இடம் பார்க்காமல் கலந்து கிடக்கும். சுமார் 460 டிகிரிக்குக் கீழே, ஒவ்வொரு செம்பு அணுவையும் சுற்றித் துத்தநாகம், ஒவ்வொரு துத்தநாகத்தையும் சுற்றிச் செம்பு என அணிவகுத்துவிடும். கலைந்த நிலையை அப்படியே பிடித்து வைக்க அவளுக்கு ஆசை. முடியவில்லை. தண்ணீரின் இரைச்சல் அடங்குவதற்குள் அணுக்கள் அடுக்கி முடித்துவிட்டன. மூன்று செம்புக்கு ஒரு தங்கம் சேர்ந்த கலவையில் அப்படி இல்லை. அது 390 டிகிரிக்குக் கீழே நிதானமாகத்தான் ஒழுங்குக்கு வரும்; வேகமாகக் குளிர்வித்தால் கலைந்தபடியே நின்றுவிடும்.

அடுக்கும் வேலையைச் செய்பவை காலியிடங்கள், அதாவது அணு இருக்கவேண்டிய இடத்தில் அணு இல்லாத வெற்றிடங்கள்; பக்கத்து அணு அதில் தாவினால் காலியிடம் அந்தப் பக்கம் நகரும். செம்பு உருகப்போகும் தறுவாயிலும் பத்தாயிரம் இடத்துக்கு ஏறத்தாழ இரண்டுதான் காலி. அந்த இரண்டை நம்பித்தான் மற்ற அணுக்கள் எல்லாம் இடம் மாறுகின்றன. என்னை இத்தனை ஆண்டுகளாக விடாமல் பிடித்திருப்பது இதற்கு அடுத்த கட்டம்: காலியிடம் ஓடி ஓடி ஒழுங்கைக் கட்டுகிறது, கட்டிய ஒழுங்கு அதன் காலையே கட்டிப்போடுகிறது.

மாணவிக்குப் புரியவைக்கச் சதுரங்கப் பலகையில் கேரம் காய்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கறுப்பும் வெள்ளையுமாகப் பரப்பினேன். ஒரு கறுப்பை எடுத்துவிட்டேன். அந்தக் காலியிடத்தின் நான்கு பக்கமும் வெள்ளை. எதை நகர்த்தினாலும் அது தவறான கட்டத்தில் போய் உட்காருகிறது. நான்கு கட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு காலியிடத்தை ஒன்றரைச் சுற்று நகர்த்திப் பார். மூன்றாவது நகர்த்தலில் மூன்று காய்கள் இடம் தவறி நிற்கும். ஆறாவதில் எல்லாம் சரியாகி, காலியிடம் மூலைக்கு மூலை மாறியிருக்கும். எல்காக், மெக்கோம்பி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1958-இல் அணுக்களுக்கு எழுதிக்காட்டிய ஆறு தாவல் சுழற்சி இதுதான். முதல் மூன்று தாவலும் மேட்டில் ஏறுவது போல; பாதி வழியில் திரும்பி வழுக்கிவிடும் காலியிடங்களே அதிகம். பித்தளையில் விரவலை, அதாவது அணுக்கள் இடம் மாறிப் பரவுவதை, அளந்த 1956-ஆம் ஆண்டு ஆய்விலும், ஒழுங்கு தொடங்கும் வெப்பநிலைக்குக் கீழே வேகம் சட்டென்று மடிந்து இறங்குகிறது.

இனி நிக்கல் அலுமினியம் என்ற கலவை; பீட்டா பித்தளையைப் போலவே அதிலும் இரண்டு வகை அணுக்களும் ஒன்றையொன்று சுற்றி அணிவகுக்கும். அதில் நூற்றுக்கு 55 அணு அலுமினியம் என்றால், மிஞ்சிய அலுமினியம் நிக்கலின் இடத்தில் உட்காராது. நிக்கல் இடங்களே வெறுமையாக நிற்கும். கணக்குப் போட்டுப் பார்: மொத்தத்தில் பதினொன்றுக்கு ஒன்று காலி! ஆறிக் குளிர்ந்த பிறகும் அவை மறைவதில்லை, ஏனென்றால் அவை அந்த ஒழுங்கின் அங்கம். 1937-இல் பிராட்லி, டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இதைக் கண்டுசொன்னார்கள். இவ்வளவு காலி இருந்தும் விரவல் அதே அளவுக்குப் பெருகுவதில்லை. பக்கத்து அண்டையர் எல்லாம் அலுமினியமாக இருக்கும்போது நிக்கல் எப்படி எளிதாகத் தாவும்?

மாணவி அடுத்து இந்தக் கலவையைத்தான் எடுக்கப்போகிறாள். துண்டுகள் வெட்டி மெருகேற்றியாகிவிட்டது. அளவுகள் வந்ததும் உனக்குத்தான் முதலில் எழுதுவேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்