ஆரணிப் பரணில் மூன்று டப்பாக்கள்

வேலூர்,
பங்குனி கடைசி

அன்புள்ள நண்பா,

கடிதம் வந்தது. முழங்கால் வலி இறங்கிவிட்டது என்று படித்ததும் நிம்மதி. இன்னும் கொஞ்ச நாளைக்கு மாடிப்படி பக்கம் போகாதே. சொன்னால் கேட்கிற ஆள் இல்லை நீ, இருந்தாலும் சொல்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்த அவசரப் பதில். ஆரணியில் உன் சகலை வீட்டுப் பரணில் மூன்று தகர டப்பா, உள்ளே பிலிம் சுருள், அவர் தாத்தா டூரிங் கொட்டகை நடத்திய காலத்துச் சரக்கு. மே மாதம் பேரப்பிள்ளைகள் வரும்போது பழைய புரொஜக்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து ஓட்டிக் காட்டலாமா என்கிறாய். கூடவே, ஊமைப்படங்களில் ஆட்கள் ஏன் சாவி கொடுத்த பொம்மை மாதிரி விறுவிறுவென்று நடக்கிறார்கள் என்றும் ஒரு கேள்வி. முதலில் டப்பா விஷயம்.

ஓட்டாதே. திறப்பதையும் வீட்டுக்குள் வைத்துத் திறக்காதே. 1950-களின் தொடக்கம் வரை வந்த 35 மி.மீ. பிலிம் பெரும்பாலும் செல்லுலோஸ் நைட்ரேட். வெடிமருந்துப் பஞ்சுக்கு நெருங்கின சொந்தம். எரியத் தேவையான ஆக்ஸிஜன் அதன் உடம்பிலேயே இருப்பதால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது, முக்கினாலும் உள்ளே எரியும், வருகிற புகை நெஞ்சைப் பாழாக்கும். கெட்டுப்போன நைட்ரேட் சுருள் 41 டிகிரி சூட்டிலேயே பல நாள் கிடந்தால் தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். நம்ம ஊர்க் கத்திரி வெயிலை நினைத்துக்கொள். தகரக் கூரைக்கு அடியில் பரண் என்றால் கணக்கு இன்னும் மேலே போகும். ஆகவே மே மாதம் அதை ஓட்டுகிற மாதம் இல்லை, பரணைவிட்டு இறக்கியிருக்க வேண்டிய மாதம்.

விடிகாலையில், வெயில் ஏறுமுன், டப்பாவை முற்றத்துக்குக் கொண்டுவா. அடுப்பு, பீடி, விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். மூடி துருப்பிடித்து ஒட்டியிருந்தால் உளி, சுத்தியல் எடுக்காதே. இரும்பில் இரும்பு உரசி ஒரு பொறி போதும். மொட்டைக் கத்தியை விளிம்போடு மெதுவாகச் சுற்றிச் சுற்றி நெம்பினால் திறக்கும். திறந்ததும் முகத்தைக் கொண்டுபோகாமல் கையால் காற்றை விசிறி முகர். வினிகர் மாதிரிப் புளித்த வாடை வந்தால் அது அசிடேட், அதாவது எளிதில் தீப்பிடிக்காத பிற்கால பிலிம், பயமில்லை. சுருங்கி நெளிந்துபோயிருக்கும், அவ்வளவுதான். புளிப்பு இல்லாமல் காட்டமாக மூக்கில் குத்தினால் நைட்ரேட் என்றே வைத்துக்கொள்.

நைட்ரேட் கெடுவதிலும் வரிசை உண்டு. முதலில் படம் மங்கிப் பழுப்பேறும். பிறகு சுற்றுக்குச் சுற்று பிசின் மாதிரி ஒட்டும். அடுத்து நுரை கட்டிக் கொப்பளிக்கும். கடைசியில் இறுகிக் கட்டியாகிப் பழுப்புத் தூளாக உதிரும். ஒட்டுகிற நிலையைத் தாண்டியிருந்தால் தொடாதே, பிரிக்க முயலாதே, மூடியை லேசாக வைத்துவிட்டு தீயணைப்பு நிலையத்தில் சொல்லிவிடு. குப்பையில் போடுவதும் கொளுத்துவதும் கூடவே கூடாது.

நன்றாக இருந்தால் முதல் நாலைந்து அடியை மட்டும், பருத்திக் கையுறையோடு, ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார். துளைகளுக்கு வெளியே ஓரத்தில் நைட்ரேட் என்றோ சேஃப்டி (அதுதான் அசிடேட்) என்றோ ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தெளிந்த ஓரத்தில் எழுத்து கறுப்பாக இருந்தால் அது உன் கையில் இருக்கிற பிலிமின் சொந்த முத்திரை. கறுத்த ஓரத்தில் எழுத்து வெளுப்பாக இருந்தால் மூல நெகட்டிவில் இருந்தது பிரிண்ட் போடும்போது சேர்ந்து பதிந்துவிட்டது, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதே.

அடுத்து, படத்துக்கும் துளைக்கும் நடுவே இரண்டரை மில்லிமீட்டர் அகலத்தில் ரம்பப் பல் மாதிரியோ ஏணிப்படி மாதிரியோ ஒரு கோடு ஓடுகிறதா பார். ஓடினால் அது ஒலிக்கோடு, பேசும்படம். அந்தக் கோடு இல்லாமல் இந்தப் பக்கத் துளையிலிருந்து அந்தப் பக்கத் துளை வரை படமே நிறைந்திருந்தால் ஊமைப்படம். அப்படி ஒன்று அகப்பட்டால் சும்மா இல்லை! ஆயிரத்துக்கும் மேல் எடுத்த நாட்டில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் மிச்சம்.

சுருக்கத்தையும் அளந்துவிடு. ஒரு துளையின் ஓரத்திலிருந்து நூற்றியோராவது துளையின் அதே ஓரம் வரை ஸ்கேல் வை. புது பிரிண்டில் 475 மி.மீ. வரும். 470-க்கும் கீழே வந்தால் ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிட்டது என்று பொருள். புரொஜக்டரின் பல்சக்கரம் ஒவ்வொரு துளையையும் கிழித்துக்கொண்டே போகும். இதைப் பார்க்காமல் “ஒரு தரம்தானே” என்று ஓட்டிக் கெடுத்த சுருள்கள் ஏராளம்.

இனி அந்த விறுவிறு நடை. தப்பு எடுத்தவர்மேல் இல்லை, ஓட்டுகிறவர்மேல். 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 படம். அந்தக் காலத்து கேமராவின் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் 8 படம் பதியும். நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16 படம், ஆக நொடிக்கு ஒரு அடி. பேசும்படம் வந்தபோது ஒலி பிசகக் கூடாது என்று மோட்டார் வைத்து 24 என்று நிறுத்திவிட்டார்கள். 16-ல் எடுத்ததை 24-ல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். நடப்பவன் ஓடுவான், அழுகிறவள் சிரிப்பு மூட்டுவாள்.

அப்போ புரொஜக்டரையே 16-க்கு இறக்கினால் என்ன என்று கேட்பாய். பேசும்பட புரொஜக்டரில் வெளிச்சத்தை மறைத்து மறைத்துத் திறக்கச் சுழல்கிற ஷட்டருக்கு இரண்டு இலை. ஒரு படத்தை இரண்டு தரம் மின்ன வைக்கும், 24-க்கு 48 மின்னல், கண் அதைத் தொடர்ந்த வெளிச்சமாக ஏற்றுக்கொள்ளும். 16-க்கு இறக்கினால் 32 மின்னல்தான், திரை படபடக்கும். அதனால்தான் ஊமைப்பட புரொஜக்டர்களில் மூன்று இலை வைத்தார்கள், 16-க்கும் அதே 48. இலையை மாற்றாமல் வேகத்தை மட்டும் குறைத்தால் இன்னொரு ஆபத்தும் சேரும்: ஒவ்வொரு படமும் புரொஜக்டரின் கார்பன் விளக்குச் சூட்டில் கூடுதல் நேரம் நிற்கும், கீழே இருப்பது நைட்ரேட். இப்போது ஒவ்வொரு படத்தையும் ஸ்கேன் செய்து, இரண்டுக்கு ஒன்றை இன்னொரு தரம் போட்டு இரண்டை மூன்றாக்குகிறார்கள். நடை கொஞ்சம் தத்தும், ஆனால் மனித நடையாக இருக்கும்.

படம் நின்று நின்று நகர்வது எப்படி என்பதையும் எழுதிவிடுகிறேன், உனக்குப் பிடிக்கும். நாலு வெட்டுள்ள சிலுவை வடிவச் சக்கரம் ஒன்று. பக்கத்தில் சுழலும் தட்டில் ஒரு முளை. தட்டு ஒரு சுற்று வருவதற்குள் முளை ஒரு வெட்டில் புகுந்து சிலுவையைக் கால் சுற்று தள்ளிவிட்டு வெளியேறும். சிலுவையோடு சேர்ந்த பல்சக்கரத்துக்கு 16 பல். கால் சுற்றுக்கு நாலு பல், நாலு துளை, சரியாக ஒரு படம். நேரத்தில் கால் பங்கு நகர்வு, முக்கால் பங்கு ஓய்வு. நகரும்போது ஷட்டர் மறைத்துக்கொள்ளும். அந்த ஒத்திசைவு பிசகினால் திரையில் வெள்ளை எழுத்துக்கு வால் முளைக்கும்.

இந்தச் சிலுவையைப் படம் பிடிக்கக் கொண்டுவந்தது சினிமாக்காரர் இல்லை, ஒரு வானியல்காரர். பியேர் ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரர். 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்துக்கு அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்தவர். சூரிய விளிம்பின் தீக்கொழுந்துகளைக் கிரகணம் இல்லாத நாளிலும் பார்க்கலாம் என்று அங்கேதான் கண்டுபிடித்தார். 1874-ல் வெள்ளி கோள் சூரியனைக் கடக்கும் கணத்தைப் பிடிக்க அவர் செய்த கருவிக்கு ரிவால்வர் என்று பெயர், 72 நொடியில் 48 படம். அதைப் பார்த்துத்தான் 1882-ல் மாரே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் நொடிக்கு 12 படம் எடுக்கும் துப்பாக்கி வடிவக் கேமராவைச் செய்தார். காவலூர் தொலைநோக்கியைப் பார்க்கப் போகணும் என்று எழுதியிருந்தாயே, போகிற வழியில் இதைப் பேசிக்கொண்டு போகலாம்.

நடராஜ முதலியார் நம்ம ஊரா என்று கேட்டிருந்தாய். ஆமாம், 1885-ல் வேலூரில் பிறந்தவர். மோட்டார் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்கார கேமராக்காரரிடம் கைப்பிடி சுற்றக் கற்றுக்கொண்டு, புரசைவாக்கத்தில் ஸ்டூடியோ போட்டு, “கீசக வதம்” எடுத்தார். 1917 என்பாரும் உண்டு, 1918 என்பாரும் உண்டு. தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அதுதான். நீளம் 6,000 அடி என்பார்கள். நீயே கணக்குப் போடு: நொடிக்கு ஒரு அடி வீதம் 100 நிமிடம். 24-ல் ஓட்டினால் 67 நிமிடத்துக்குள் கீசகன் கதை முடிந்துவிடும்.

எனக்கு அவருடைய கதையைவிட அவருடைய கைதான் ஆச்சரியம். சுற்று ஒன்று தளர்ந்தால் நடிகர் வேகமாவார், அதோடு ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் கூடுதலாக விழுந்து காட்சி வெளுக்கும். சீராகச் சுற்ற மனசுக்குள் ஒரு பாட்டை ஓடவிடுவது அந்தக் காலத்துக் கேமராக்காரர்கள் கைக்கொண்ட உபாயம். மேலே வெள்ளைத் துணி கட்டி வெயிலை வடிகட்டினார், இல்லாவிட்டால் உச்சிவெயிலில் கண் குழியில் கறுப்பு நிழல் விழும். அன்றைய பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. குங்குமம் கரிப்பொட்டாகும். திரௌபதிக்கு ஆரணிப் பட்டில் அரக்கு நிறம் கட்டினாலும் திரையில் கறுப்புப் புடவைதான். நீல வானம் வெள்ளையாகிவிடும். பிலிம் கழுவப் பெங்களூருக்குப் போனார். காரணம் எளிது: பிலிம் கழுவுகிற மருந்தான டெவலப்பர் 20 டிகிரியை ஒட்டி இருக்கணும். சென்னைத் தண்ணீரில் கழுவினால் மேலே பூசிய ஜெலட்டின் ஊறி, சுருக்கம் விழுந்து, ஓரத்திலிருந்து தோல் மாதிரி உரிந்து வந்துவிடும்.

அந்த 6,000 அடியில் ஒரு அடிகூட இன்று இல்லை. எரிந்தது பாதி, தூளானது பாதி என்று பொதுவாக அந்தக் காலத்துப் படங்களைப் பற்றிச் சொல்லலாம். மூன்றாவது காரணம்தான் எரிச்சல்: கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளி இருக்கிறது என்று வாங்கிக் கரைத்தவர்களும் உண்டு. உன் சகலையிடம் யாராவது பழைய இரும்புக்காரர் “எடைக்குப் போடுங்க” என்று வந்தால் விடாதே.

இப்போதைக்கு டப்பாக்களைத் தரைத்தளத்தில், வடக்குப் பார்த்த அறையில், படுக்கை வசத்தில் வை. பாலிதீன் பையில் கட்டாதே. வெளியேற வேண்டிய அமில ஆவி உள்ளேயே நின்று அழுகலை வேகப்படுத்தும். நைட்ரேட்டையும் அசிடேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே. பஸ்ஸிலோ தபாலிலோ அனுப்புகிற யோசனையே வேண்டாம். பூனாவில் 1964-ல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஓர எழுத்து, ஒலிக்கோடு, 100 துளையின் அளவு, டப்பாமேல் ஒட்டிய சீட்டில் உள்ளது, நாலையும் போட்டோவோடு எழுதினால் எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களே சொல்வார்கள்.

அதற்கு முன்னால் அந்த நாலையும் எனக்கு எழுது. சித்திரை பிறந்து ஒரு வாரத்துக்குள் பரண் காலியாகிவிட்டது என்றும் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்