தாத்தாவின் கவாத்துக் கத்தி

கோத்தகிரி,
ஞாயிறு காலை.

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ ஷிஃப்ட் முடிந்து வந்து கண் சொக்கும் நேரத்தில் இதைச் சொல்ல மனசு வரவில்லை. போட்டோவையும் காகிதத்தில்தான் உனக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. கவருக்குள் அட்டை வைத்திருக்கிறேன், மடங்காமல் பிரி.

நம்ம லைன் வீட்டுப் பசங்க போன மாதம் ஒரு போட்டோப் போட்டி வைத்தார்கள். தினமும் கையில் எடுக்கிற கருவியைப் படம் பிடிக்க வேண்டும். செல்போன் போதும், ஆளுக்கு ஒரே படம், எடுத்த பிறகு கலர் கூட்டக் கூடாது. பரிசு ஒரு ஃபிளாஸ்க். அம்மா கேட்டதும் "கத்தியை எடுங்க" என்றாள். வேலிச் செடி வெட்டவும் அவரைக்குக் கொம்பு சீவவும் நான் இன்றைக்கும், தேயிலைச் செடியை வெட்டி இறக்கிய தாத்தாவின் கவாத்துக் கத்தியைத்தானே எடுக்கிறேன்.

முதலில் ராத்திரி ட்யூப்லைட்டில் எடுத்தேன். ஃபிளாஷ் பட்டு அலகு முழுக்க ஒரே வெள்ளை. மறுநாள் உச்சி வெயிலில் எடுத்தால் பாதிக் கத்தி நிழலில் போய்விட்டது. பக்கத்து வீட்டுத் தம்பிதான் வழி சொன்னான். இரும்புக்குப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டுமாம், அதுவும் மெதுவான வெளிச்சம். போனை ஒட்டக் கொண்டுபோனால் கிட்ட இருப்பது பெருத்தும் எட்ட இருப்பது சிறுத்தும் தெரியுமாம். அதனால் இரண்டடி தள்ளி நின்று ஜூம் வைக்கச் சொன்னான். சரி என்று மஞ்சு மூடிய ஒரு காலையில் ஜன்னல் திண்டில் கத்தியை வைத்து, எதிர்ப்பக்கம் என் வேட்டியைத் திரை போலப் பிடிக்கச் சொல்லி அம்மாவை நிறுத்தினேன். மஞ்சு வெளிச்சம் எவ்வளவு நல்லது தெரியுமா! நிழல் கறுத்துப் போகவே இல்லை. தீட்டுக்கல் உரசிய கோடுகள்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

அப்போதுதான் அதைப் பார்த்தேன், பாப்பா. நீயும் படத்தில் பிடியைப் பார். இந்தப் பக்கம் ஒரு பள்ளம், அது என் கட்டைவிரல். அடுத்த பக்கம், ஓரமாக, அதைவிட ஆழமாக இன்னொரு பள்ளம். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கத்தியைப் பிடித்திருக்கிறேன், அந்தப் பள்ளம் ஏன் அங்கே இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தாத்தா இடதுகைக்காரர். உனக்குத் தெரிந்திருக்காது, நீ பிறக்கும் முன்பே போய்விட்டாரே.

அவர்தான் எனக்குக் கவாத்து சொல்லிக் கொடுத்தவர். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியை இரண்டடி வாக்கில் விட்டு மேலே உள்ளதை எல்லாம் வெட்டி இறக்குவோம். ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும், பட்டை கிழியக் கூடாது. வெட்டு சரிவாக இருக்க வேண்டும், தட்டையாக இருந்தால் மழைத் தண்ணீர் நின்று கொம்பு அழுகும். எதிரில் நின்று அவர் வெட்டிக் காட்டுவார். அவர் இடது கை, நான் வலது கை. கண்ணாடியைப் பார்த்துப் படிப்பது போலச் சுலபமாக இருந்தது.

இந்தக் கத்தி சிலோனிலிருந்து வந்தது. இந்தியாவும் சிலோனும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள், எங்கள் முறை 1972-இல் வந்தது. எனக்கு ஆறு வயசு. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் கேம்ப், அங்கிருந்து இந்த மலை. நம்மைப் போல வந்தவர்களுக்காகவே அரசாங்கம் 1968-இல் இங்கே தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்திருந்தது. டிரங்குப் பெட்டியில் சாக்கில் சுற்றிக் கத்தியைக் கொண்டுவந்தார் தாத்தா. தெரியாத ஊரில் என்ன வேலை கிடைக்குமோ, கத்தி இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அப்பாயியிடம் சொன்னாராம்.

அவருடைய போட்டோ என்று நம்மிடம் இருப்பது கண்டியில் எடுத்த பாஸ்போர்ட் படம் ஒன்றுதான். ஊட்டி இந்து நகரில் 1967-லிருந்து போட்டோ ஃபிலிம் செய்தார்கள், பஸ் ஏறினால் போய்விடும் தூரம். அப்படியிருந்தும் அவரை ஒரு படம் எடுத்து வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை, கையில் காசும் இல்லை. அந்தப் பாஸ்போர்ட் படத்திலும் கழுத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. அவர் கை எப்படி இருக்கும் என்று உனக்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லாமல் இருந்தது.

போன ஞாயிறு கூடத்தில் சணல் கயிறு கட்டி, துணி கிளிப் மாட்டி எல்லாப் படங்களையும் தொங்கவிட்டார்கள். மேஸ்திரியின் ரசமட்டம், கண்டக்டர் விசில், கேரட் தோட்டத்துக் களைக்கொத்து. சோப்புப் போட்டுக் கழுவி எடுத்த மண்வெட்டி ஒன்றும் இருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. மண் ஒட்டாத மண்வெட்டி கடைச் சரக்கு போலத்தான் தெரிகிறது. ஃபிளாஸ்க்கை எட்டாவது படிக்கும் ஒரு பிள்ளை வாங்கிக்கொண்டு போனது. அவள் அம்மாவின் டீக்கடைத் துணி வடிகட்டி, சாயம் ஏறிச் செங்காவி நிறத்தில், பின்னால் கொஞ்சம் ஆவி. நானும் அதற்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

தாத்தாவோடு கவாத்துக்குப் போன ஒரு பெரியவர் வந்திருந்தார். கண் சரியாகத் தெரியாது, படத்துக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய் நின்றார். படத்தின் கீழே பெயர்கூட எழுதவில்லை. "இது நம்ம நொட்டாங்கையன் கத்தியாச்சே" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த மாதமும் வைக்கிறார்களாம், வெளியூரில் இருக்கிற பிள்ளைகளும் அனுப்பலாம். நீ பிசிறு வெட்டுகிற கத்தரியை எடுத்து அனுப்பு. நூல் தூசியைத் துடைக்காதே. உன் விரலும் படத்தில் இருக்கட்டும். கம்பெனியில் போனை உள்ளே விடமாட்டார்கள் என்றால் சூப்பர்வைசரிடம் கேட்டு, கத்தரியை ஒரு நாள் ரூமுக்குக் கொண்டுவா. ஜன்னல் பக்கம் வைத்து எடு. திருப்பூரில் மஞ்சு இல்லை, வெயில் ஏறும் முன் எடுத்துவிடு.

அம்மா வர்க்கி வாங்கி வைத்திருக்கிறாள், வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறோம். கத்தி வழக்கம்போல அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. பொங்கலுக்கு வரும்போது இடது கையால் ஒருமுறை பிடித்துப் பார்.

அன்புடன்,
அப்பா