ரானாதான் போச்சு, தவளை அப்படியே இருக்கிறது

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே சின்னவன் மாடி எடுக்கிறான். மணல் விலையைக் கேட்டால் எனக்குத்தான் மூட்டு வலிக்கிறது.

"ரானா ஹெக்சாடாக்டைலான்னு ஒரு தவளையே இல்ல தாத்தா" என்று பேத்தி சொன்னாளாமே. பாதி சரி. நாம் லேபில் அறுத்த அந்தப் பச்சைத் தவளை மூக்கனேரிப் பக்கம் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதன் அறிவியல் பெயரில் முன்பாதியான ரானாதான் போச்சு. அது பேரினத்தின் பெயர், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதி.

1834-இல் லெசான் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரித் தவளைக்கு வைத்த பெயர் அது. அந்தக் காலத்தில் பாதித் தவளைகளை ரானாவில்தான் போட்டார்கள். பிற்பாடு உடலமைப்பையும் டிஎன்ஏவையும் ஒப்பிட்டதில், ஐரோப்பிய ரானாவும் நம் குளத்துத் தவளையும் ஒரே குடும்பம்கூட இல்லை என்று ஆகிவிட்டது. நம்முடையது டைக்ரோகுளோசிடே என்ற குடும்பம். அதனால் முதலில் யூஃப்ளிக்டிஸ் ஹெக்சாடாக்டைலஸ், 2021-க்குப் பிறகு ஃபிரைனோடெர்மா ஹெக்சாடாக்டைலம். பேரினம் மாறினால் பின்பெயரின் ஈறும் மாற வேண்டும், லத்தீன் இலக்கணம் அப்படி. நாம் வந்தான், வந்தாள், வந்தது என்பதில்லையா?

தவளையின் பெயருக்குப் பின்னால், பெயர் வைத்தவர் என்று சேர்க்கும் லெசான் பெயரையும் ஆண்டையும் இப்போது அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். அடைப்பு இருந்தால், இந்த இனம் முதலில் வேறு பேரினத்தில் பெயர் பெற்றது என்று பொருள். ரெகார்டு நோட்டில் நாம் அடைப்பில்லாமல் எழுதியதும் அன்றைக்குச் சரிதான். பேத்தியிடம் அழுத்திச் சொல்.

இன்னொரு வேடிக்கை. ஹெக்சாடாக்டைலா என்றால் ஆறுவிரலி. தவளைக்கு முன்காலில் 4, பின்காலில் 5. பின்பாதத்தில் ஒரு புடைப்பு இருக்கும், அதையும் விரலாக எண்ணிவிட்டார் போல. ஆனாலும் பொருந்தவில்லை என்பதற்காகப் பெயரைத் தூக்கிவிட விலங்கியல் பெயரிடல் விதியில் இடமில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆளாளுக்குத் திருத்த ஆரம்பித்தால் பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றையும் தேடிப் பிடிக்க முடியாது. விரல் கணக்கை விடு, வளர்ந்த பிறகும் இலை தழை தின்கிற தவளை இது. தவளைகளில் அப்படி அபூர்வம்.

அவளுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இருந்தால் ஏற்காட்டுக்கு அழைத்து வா. நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்று ஊர் பெயரிலேயே ஒரு பல்லி இருக்கிறது, 2000-இல்தான் பெயர் வைத்தார்கள். கோடை விழா நெரிசல் முடியட்டும், ஜூனில் வாருங்கள். மாடி வேலையும் அதற்குள் முடிந்துவிடும் என்கிறான். பார்ப்போம்.

அன்புடன்,
ராமலிங்கம்