அந்தப் படம் மைக்ரோஸ்கோப்புல எடுத்தது இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க அறிவியல் பக்கத்துல தங்க நானோ கம்பி பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் தமிழ்ல போடுறீங்களே, அதுக்கே நன்றி சொல்லணும். ஆனா மஞ்ச உருண்டையா அணுவெல்லாம் வரிசையா நின்னு கம்பி நடுவுல மெலிஞ்சு அறுந்து போற படத்த போட்டு, கீழ மைக்ரோஸ்கோப்பில் எடுத்ததுன்னு எழுதிட்டீங்க. அது சிமுலேஷன் படங்க, அதாவது கம்ப்யூட்டர்ல கணக்கு போட்டு வரைஞ்சது. நான் பல வருஷமா இதே வேலைய செய்றதால பாத்த உடனே தெரிஞ்சுடுச்சு, மத்தவங்க அப்படியே நம்பிடுவாங்களேன்னுதான் எழுதறேன்.

இதுல என்ன செய்வோம்னா, ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு இடம், ஒரு வேகம் குடுத்துடுவோம், பக்கத்துல இருக்கற அணுக்கள் அத எவ்ளோ இழுக்குது எவ்ளோ தள்ளுதுன்னு சொல்ல ஒரு ஃபார்முலா இருக்கும், அதுக்கு பொட்டென்ஷியல்னு பேரு, அதுலேந்து விசைய கணக்கு போட்டு நியூட்டன் விதிப்படி அணுவ துளியூண்டு நகர்த்தி, திரும்ப விசை, திரும்ப நகர்த்தல்னு போயிட்டே இருக்கும். ஒரு ஸ்டெப் ஒரு ஃபெம்டோ செகண்ட் அளவுதான், அதாவது நானோ செகண்டுல 10 லட்சத்துல ஒரு பங்கு, நானோ செகண்டே ஒரு செகண்டுல நூறு கோடியில ஒரு பங்குதான். அப்ப ஒரே ஒரு நானோ செகண்ட் பாக்கறதுக்கே 10 லட்சம் ஸ்டெப் ஓடணும். ஹைதராபாத்துல பொறந்து அமெரிக்காவுல வேலை பாத்த அனீசுர் ரஹ்மான் 1964ல வெறும் 864 ஆர்கான் அணுவ வெச்சு இத செஞ்சு காட்டினார், திரவ ஆர்கான்ல ஏற்கனவே அளந்து வெச்சிருந்த எண்களோட அது நல்லா ஒத்துப்போச்சு. எனக்கு இன்னிக்கும் அத நெனச்சா புல்லரிக்குது.

நானோ அளவுல இந்த கணக்கு ஏன் இவ்ளோ முக்கியம்னா, 3 நானோமீட்டர் தங்கத் துகள்ல மொத்தமே 800 சொச்சம் அணுதான் இருக்கு, அதுல ஏறக்குறைய 40 சதவீதம் மேற்பரப்புல நிக்குது. மேல நிக்கற அணுவுக்கு பிடிமானம் கம்மி, அதனால கட்டித் தங்கம் உருகற 1064 டிகிரி செல்சியஸ் வரைக்கும் அந்தத் துகள் தாங்காது, ரொம்ப முன்னாடியே உருகிடும். இது எப்படி நடக்குதுன்னு அணு அணுவா சிமுலேஷன்ல பாக்க முடியுது.

அதுக்காக கட்டுரையில சொன்ன மாதிரி இனிமே லேப் வேணாம்னு ஆயிடாதுங்க. இழுக்கற வேகத்தையே எடுத்துக்கங்க. லேப்ல ஒரு கம்பிய 10 சதவீதம் இழுக்க நூறு செகண்ட் எடுத்துக்கலாம், சிமுலேஷன்ல நமக்கு கெடைக்கறது ஒரு நானோ செகண்ட், அதாவது பத்தாயிரம் கோடி மடங்கு வேகமா இழுக்கறோம். அந்த வேகத்துல அணு நகந்து ஒக்காரவே நேரம் இருக்காது, அதனால கம்பி நெஜத்த விட பலமா தெரியலாம்.

பொட்டென்ஷியல் விஷயம் இதவிட மோசம். ஆரம்பத்துல நான் கட்டி உலோகத்துக்குன்னு செஞ்ச ஒரு பொட்டென்ஷியல நானோ துகளுக்கு போட்டு ரெண்டு மாசம் ஓட்டினேன், எந்த எர்ரரும் வரல, படமும் அவ்ளோ அழகா இருந்துச்சு, கடைசியில மேற்பரப்பு ஆற்றல, அதாவது புதுசா ஒரு மேற்பரப்பு உண்டாக்க ஆகற ஆற்றல, செக் பண்ணினா அளந்த மதிப்ப விட ரொம்ப கம்மியா வந்துச்சு, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மொதல்லேந்து ஆரம்பிச்சேன். சரி குவாண்டம் கணக்கே போடலாமேன்னா, வால்டர் கோனுக்கு 1998ல நோபல் வாங்கிக் குடுத்த டிஎஃப்டி இருக்கு, எலக்ட்ரான் அடர்த்திய வெச்சு கணக்கு போடற முறை அது, ஆனா சாதாரணமா சில நூறு அணுவுக்கு மேல போனா கம்ப்யூட்டர் திணறும், அதுவும் சிலிக்கானோட பேண்ட் கேப், அதாவது கட்டுண்ட எலக்ட்ரான் விடுபட்டு ஓட தேவையான குறைஞ்சபட்ச ஆற்றல், 1.1 எலக்ட்ரான் வோல்ட் இருக்க வேண்டிய எடத்துல வழக்கமான முறையில போட்டா 0.6 பக்கம்தான் குடுக்கும். இப்ப டிஎஃப்டி ரிசல்ட்ட வெச்சு மெஷின் லேர்னிங்ல பொட்டென்ஷியல் செய்றாங்க, அது நெஜமாவே பெரிய முன்னேற்றம், ஆனா அதுவும் கத்துக்குடுத்த எல்லைய தாண்டினா தப்பு பண்ணும்.

அதனால அடுத்த தடவ இப்படி படம் போடும்போது இது கம்ப்யூட்டர் கணக்குன்னு கீழ ஒரு வரி போடுங்க, எத்தன அணு, எவ்ளோ நேரம், எந்த பொட்டென்ஷியல், லேப்ல அளந்ததோட ஒப்பிட்டாங்களாங்கறதையும் ஆராய்ச்சி பண்ணினவங்ககிட்ட கேட்டு சேத்துடுங்க. போன வார படத்துக்கும் ஒரு சின்ன திருத்தம் போட்டுட்டா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகர்