பண்ணையும் நீதிமன்றமும் ஒரே கையில்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் ஜார்ஜ் வாஷிங்டன் பற்றிய கட்டுரையைப் படித்தேன். போர்க்களம், அதிபர் பதவி எல்லாம் விரிவாக இருந்தது, சரி. அதற்கு முந்தைய வாழ்க்கையைத்தான் ‘நல்ல விவசாயி, உள்ளூர் நீதிபதி’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

11 வயதில் அப்பா இறந்தபோதே பத்து அடிமைகள் அவர் பங்குக்கு வந்தார்கள். புகையிலை மண்ணைக் கெடுக்கிறது, கடனும் ஏறுகிறது என்று 1760களில் கோதுமைக்கு மாறினார். அந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டுகிறவர்கள், உழுததும் அறுத்ததும் யார் என்று கேட்பதில்லை.

1768ல், அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த வர்ஜீனியாவில், ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி (மாவட்டம் மாதிரி) நீதிபதியானார். இதற்குச் சட்டப் படிப்பு வேண்டாம், சம்பளமும் கிடையாது. இருக்கிற நீதிபதிகளே பெயர் சொல்வார்கள், ஆளுநர் நியமிப்பார். அப்படி வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் நிலமும் அடிமைகளும் வைத்திருந்த பெரிய வீட்டுக்காரர்கள். ஒரு அடிமைமீது மரண தண்டனைக்குரிய குற்றம் சுமத்தப்பட்டால் வர்ஜீனியாவில் விசாரித்தது இவர்கள்தான், 1692லிருந்து ஜூரி கூடக் கிடையாது. தூக்கு என்று முடிவானால் அவருடைய விலையையும் இவர்களே மதிப்பிடுவார்கள், அந்தப் பணம் அரசுக் கருவூலத்திலிருந்து எஜமானருக்குப் போகும். வெள்ளையருக்கு எதிராக அடிமையின் சாட்சி செல்லாது. தப்பி ஓடி மறைந்திருப்பவர்மீது இரண்டு நீதிபதிகள் அறிவிப்பு எழுதினால் போதும், ஞாயிறு வழிபாடு முடிந்ததும் தேவாலய வாசலில் அதை வாசிப்பார்கள், அதன்பிறகும் திரும்பாவிட்டால் அவரை யார் கொன்றாலும் குற்றமில்லை. அதற்கும் நஷ்டஈடு உண்டு, எஜமானருக்குத்தான்!

வாஷிங்டன் கொடூரமானவரா நல்லவரா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. பண்ணையில் ஒழுங்கு குலையாமல் இருக்க அந்த நீதிமன்றம் தேவைப்பட்டது, அதில் உட்கார்ந்தவர்களும் பண்ணைக்காரர்களே என்பதைக் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

உயிலில் விடுதலை கொடுத்ததை எழுதியிருக்கிறீர்கள், அது உண்மை. ஆனால் 1799ல் அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் இருந்த 317 அடிமைகளில் அவர் பெயரில் இருந்தவர்கள் 123 பேர்தான். மனைவி மார்த்தாவின் முதல் கணவர் சொத்தாக வந்த 153 பேரை விடுவிக்க அவருக்கு உரிமை இல்லை, மார்த்தா இறந்ததும் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்கப்பட்டார்கள். இரண்டு தரப்புக்கும் இடையே கல்யாணம் நடந்திருந்ததால் குடும்பங்களும் சிதறின.

இந்த வரிசையில் மூன்றாவது அதிபர் ஜெஃபர்சனும் வருவார் என்று நினைக்கிறேன். அவரும் ஆல்பமார்ல் கவுண்டியில் நீதிபதியாக இருந்த பண்ணைக்காரர். அவர் கட்டுரையிலாவது பண்ணையையும் நீதிமன்றத்தையும் ஒரே பத்தியில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்