'ஐ.எஸ்.பி.என். உட்பட'

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மழையில் மாடியறை ஒழுகி, புத்தகங்களை இடம் மாற்றுவதிலேயே நாலு நாள் ஓடிப்போயிற்று.

ஆய்வேட்டை நூலாக்க 18,000 ரூபாய், 'ஐ.எஸ்.பி.என். உட்பட' என்று ஒரு பதிப்பகம் சொல்வதாக எழுதியிருந்தாய். அந்த 'உட்பட'வில்தான் நானும் விழுந்தேன். ஐ.எஸ்.பி.என். என்பது ஒவ்வொரு புத்தகத்தையும் அடையாளம் காட்டும் சர்வதேச எண். நம் நாட்டில் அந்த எண்ணுக்குக் கட்டணமே கிடையாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. பதிப்பகம்தான் என்றில்லை, நூலாசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு ஒன்று, மின்னூலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு தொகுப்பு நூலில் என் கட்டுரை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பணம் கட்டிய பத்தாம் நாள் புத்தகம் கைக்கு வந்தது. ஒரு வரியைக்கூட யாரும் திருத்தச் சொல்லவில்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானோ என் எழுத்து அவ்வளவு சுத்தம் என்று பூரித்துப்போனேன்! பதவி உயர்வுக் கோப்பில் அதைச் சேர்க்கும்போது எங்கள் நூலகர் அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தார். 13 இலக்கங்களில் ஒற்றைப்படை இடத்தில் வருபவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு, இரட்டைப்படை இடத்தில் வருபவற்றை 3-ஆல் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வரும் தொகை 10-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டுமாம். என்னுடையதில் 4 மிஞ்சியது. எண்ணே போலி. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிப்படி தொகுப்பு நூல் கட்டுரைக்கு உள்ள 5 மதிப்பெண்ணும் அதோடு போயிற்று.

சரி, எண் அசலாகவே இருந்தாலும் என்ன? சமையல் புத்தகத்துக்கும் ஜோசியப் புத்தகத்துக்கும்கூடத்தான் அது கிடைக்கிறது. பிரதியை யார் படித்துக் கருத்துச் சொல்வார்கள், பதிப்புரிமை யாரிடம் இருக்கும் என்று அந்தப் பதிப்பகத்தாரிடம் கேட்டுப் பார். மழுப்பினால் விட்டுவிடு. உன் ஆய்வில் நீ அதிகம் மேற்கோள் காட்டிய நூல்களை எந்தப் பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன என்று புரட்டிப் பார்த்து, முதலில் அவர்களுக்கு எழுது. பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ஆகட்டுமே.

அப்புறம், பொங்கலுக்கு இந்தப் பக்கம் வருகிறாய்தானே? உன் மூன்றாம் இயலை எடுத்து வா. சிவப்பு மையோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்