தட்டை நிலத்திலும் தேடல் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய விளையாட்டு உலகங்கள் பற்றிச் சென்ற வாரம் வெளியான கட்டுரையில், மலையும் பள்ளத்தாக்கும் இல்லாத வன்னியை, கனசதுரக் கட்டிகளால் உலகம் அமைக்கும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் கட்டினால் தேடிப் பார்க்க ஒன்றும் இராது என்று எழுதப்பட்டிருந்தது. ஏற்க முடியவில்லை. அடுத்து இருப்பதைச் சரியாக மறைத்தாலே ஆவல் தானாக வரும். மறைப்புக்கு வன்னியில் பஞ்சமா? காடும் குளக்கட்டும் எதற்கு இருக்கின்றன?

வயல் பக்கமிருந்து இரணைமடுவுக்கோ முத்தையன்கட்டுக்கோ போகிறவருக்குக் குளக்கட்டில் ஏறும்வரை தண்ணீர் தெரியாது. கேமிலும் 10 புளொக் (கட்டி) உயரத்துக்குக் குளக்கட்டை எழுப்பி, பாதையை அதன் அடியோடு சிறிது தூரம் ஓடவிட்டு, நீர் திறக்கும் துருசுக்குப் பக்கத்தில் மட்டும் படி வைக்கலாம். வாய்க்காலில் நீர் ஓடும் சத்தம் முதலில் காதில் விழும், ஏறினால்தான் குளம். பாதை நேரே கட்டின் மேல் ஏறினால் பாதிச் சுவை போய்விடும். அடியில் 'குளம்' என்று பலகை நட்டால் மீதியும் போய்விடும்.

குளக்கட்டில் நிற்பவருக்கு அடுத்த இடம் கண்ணில் பட வேண்டும். மரங்களுக்கு மேலே தலைகாட்டும் ஒரு கோபுரமோ இரண்டு மூன்று பனையோ போதும். கணக்குப் பிழைப்பது இங்கேதான். பலரை இணைத்து விளையாட்டை நடத்தும் கணினியான சேர்வரின் பார்வைத் தூரம் வழமையாக 10 சங்க், அதாவது உலகைப் பிரிக்கும் 10 துண்டுகள். ஒரு சங்க் 16 புளொக் அகலம். ஆக, 160 புளொக்குக்கு அப்பால் எதுவும் திரையில் வராது. கோபுரத்தை 300 புளொக் தள்ளிக் கட்டிவிட்டு, ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லையே என்று குறைப்படுவதில் பயனில்லை. 120க்குள் வையுங்கள். செக்கனுக்கு ஏறத்தாழ 4.3 புளொக் நடை. அரை நிமிடத்துக்குள் போய்ச் சேரலாம். பார்வைத் தூரத்தை 32 சங்க் ஆக்கினால் சேர்வர் திணறும், காடும் ஒரே பார்வையில் முடிந்துவிடும்.

வரண்ட வலயம் என்பதால் சவானா நிலத்தைத் தெரிவுசெய்யத் தோன்றும். நிறமும் பொருந்தும்தான். ஆனால் அங்கே மழை விழாது. வானம் இருண்டு வெளுக்கும், அவ்வளவே. மாரி இல்லாத வன்னி என்ன வன்னி! நிலவகையை மாற்றும் பில்பயோம் கட்டளையால் அதைக் காட்டு நிலமாக மாற்றலாம். ஒரு தடவைக்கு 32,768 புளொக்தான் அனுமதி, அதாவது 32 நீளம், 32 அகலம், 32 உயரம். துண்டு துண்டாகச் செய்ய வேண்டும்.

கட்டுரையாளர் பாராட்டிய நேரடி வரைபடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1999இல் வந்த இணைய விளையாட்டான எவர்குவெஸ்டில் தொடக்கத்தில் வரைபடமே இல்லை. விளையாடியவர்கள் தாங்களே கீறிக்கொண்டார்கள். இன்னொரு இணைய விளையாட்டான வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் 2009 டிசம்பரில், வேலை முடிக்க வேண்டிய இடங்களை வரைபடத்திலேயே குறித்துக் காட்டத் தொடங்கியது. வசதிதான், ஆனால் கண் நிலத்தை விட்டுக் குறிக்குப் போய்விட்டது. மைன்கிராஃப்டில் ஆள்கூறுகளை மறைக்க விதி உண்டு. மற்ற ஆட்களின் திசையைக் காட்ட 2025இல் சேர்ந்த பட்டையையும் நிறுத்தலாம். எல்லாவற்றிலும் கெடுதல் டைன்மாப் என்ற அந்த நேரடி வரைபடம்: யாரோ ஒருவர் நடந்து கண்ட இடத்தை எல்லோருக்கும் உலாவியில் விரித்துக் காட்டிவிடும். அதை நிர்வாகியோடு வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுக்குத் தாவும் கட்டளையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். வேலை முடிந்து இரவில் ஒரு மணித்தியாலம் விளையாட வருபவர் திரும்பி நடக்க மாட்டார்.

அன்புடன்,
வாசகர்,
ஒட்டுசுட்டான்.